மீன் தரும் உரமும் கீரை கேட்கும் இரும்பும்

தில்லியின் வட்டச் சாலையை ஒட்டி அமைந்துள்ள மோதி பாக் என்னும் பெயரில் இரண்டு சொற்கள் உள்ளன. ‘மோதி’ என்றால் முத்து. ‘பாக்’ என்றால் தோட்டம். முத்துத் தோட்டம் என்று பெயர் பெற்ற இப்பகுதியில் அரசு ஊழியர் குடியிருப்புகள் மிகுதி. பணியின் பொருட்டுத் தமிழகத்திலிருந்து வந்த குடும்பங்கள் பல இங்கு வாழ்ந்திருக்கின்றன. பணியிடம் மாறினால் வீடும் மாறும். ஆகவே மண்ணைப் பல்லாண்டு பண்படுத்தித் தோட்டம் வளர்க்கும் வாய்ப்பு இக்குடும்பங்களுக்கு அரிது. தொட்டியும் வாளியுமே இவர்களுக்குத் தோட்டம்.

தமிழகச் சிற்றூர்களில் கோடையில் ஏரியும் குளமும் வற்றியதும் அடியில் படிந்த வண்டலை வெட்டி வண்டியில் ஏற்றி வயலுக்குக் கொண்டு செல்வர். அவ்வண்டலில் மழைநீர் அடித்து வந்த நுண்மண், மக்கிய இலைதழை, நீர்வாழ் உயிர்களின் கழிவு ஆகியன கலந்திருக்கும். குளத்து மீனுக்குக் கழிவாக இருந்தது வயற்பயிருக்கு உணவாகும். குளத்துக்கும் வயலுக்கும் இடையே ஆண்டுக்கு ஒருமுறை நடைபெறும் இப்பரிமாற்றத்தை நாள்தோறும், மணிதோறும் நடைபெறச் செய்தால் எப்படி இருக்கும்? அதுவே ‘அக்வாபோனிக்ஸ்’ எனப்படும் மீன்நீர் வேளாண்மை. ஒரு தொட்டியில் மீன் வளரும். அதன் நீர் குழாய்வழிச் செடிப்பாத்திக்குச் செல்லும். செடிகள் சத்தை உறிஞ்சிய பின் அந்நீர் மீண்டும் மீன்தொட்டிக்கே திரும்பும். பாத்தியில் மண் இராது, கூழாங்கற்களே இருக்கும்.

மீனையும் பயிரையும் சேர்த்து வளர்க்கும் எண்ணம் நம் நாட்டுக்குப் புதிதன்று. அருணாசலப் பிரதேசத்தின் சீரோ பள்ளத்தாக்கில் வாழும் அபதானி மக்கள் நெல்வயலிலேயே மீன் வளர்க்கின்றனர். வரப்பில் கேழ்வரகு பயிரிடுகின்றனர். கேரளத்தின் பொக்காளி நிலங்களில் ஒரு பருவம் நெல், மறுபருவம் இறால் என மாறி மாறி விளைகின்றன. மண்ணின்றிப் பயிர் வளர்க்கும் முறையும் இந்தியாவில் முன்பே ஆராயப்பட்டது. 1946ஆம் ஆண்டில் ஷோல்டோ டக்ளஸ் என்பவர் வங்கத்தின் காலிம்போங் பகுதியில் எளிய பொருள்களைக் கொண்டு அம்முறையை உருவாக்கத் தொடங்கினார். அது ‘வங்காள முறை’ என்றே பெயர் பெற்றது.

மோதி பாக்கில் தரைத்தள வீடு ஒன்றின் பின்முற்றத்தில் இத்தகைய சிறிய அமைப்பு ஒன்று இருப்பதாகக் கொள்வோம். எட்டாம் வகுப்பில் பயிலும் மாணவி ஒருத்தி தன் தந்தையின் உதவியுடன் அதை அமைத்தாள். 250 லிட்டர் கொள்ளும் நெகிழித் தொட்டியில் சாதாக்கெண்டை மீன்கள் நீந்துகின்றன. அவற்றின் மொத்த எடை இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். அருகே ஒரு சதுர மீட்டர் பரப்பும் 30 சென்டிமீட்டர் ஆழமும் உடைய கூழாங்கல் பாத்தி. அதில் பாலக்கீரை விதைக்கப்பட்டுள்ளது. (இதனை மாடியில் அமைக்க அவள் முதலில் விரும்பினாள். நீரும் கல்லும் சேர்ந்தால் எண்ணூறு கிலோ எடையைத் தாண்டும் என்று தந்தை கணக்கிட்டுக் காட்டியதும் அவ்விருப்பத்தைக் கைவிட்டாள். அது நல்ல முடிவு.)

மீன் உண்பது தீவனம். கடையில் கிடைக்கும் மிதக்கும் தீவனத்தில் ஏறத்தாழ 32 விழுக்காடு புரதம் இருக்கும். புரதத்தில் 16 விழுக்காடு நைட்ரசன். நாளொன்றுக்கு 45 கிராம் தீவனம் இட்டால் அதில் 14 கிராமுக்குச் சற்று மேல் புரதமும், அப்புரதத்தில் ஏறத்தாழ 2.3 கிராம் நைட்ரசனும் உள்ளன. இதில் மூன்றில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவானதே மீனின் உடலாகிறது. எஞ்சியது நீரில் கலக்கிறது. அதன் பெரும்பகுதி அம்மோனியாவாக மீனின் செவுள்கள் வழியே வெளியேறுகிறது.

அம்மோனியா மீனுக்கு நஞ்சு. அது நீரில் தேங்கினால் மீன் இறக்கும். அதைத் தேங்கவிடாமல் காப்பவை கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள். கூழாங்கற்களின் மேல் படர்ந்து வாழும் ஒருவகை பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் மீனுக்குக் கேடு தரும். நைட்ரேட்டால் கேடு மிகக் குறைவு. அந்த நைட்ரேட்டே உழவர் தழைச்சத்து என்று கூறும் உணவின் முதன்மை வடிவம். இம்மாற்றத்தைச் செய்வன உயிர்களே என்பதை 1877இல் பிரான்சு நாட்டு அறிஞர்களான ஸ்லோசிங், முன்ட்ஸ் ஆகிய இருவர் காட்டினர். 1890இல் உருசிய அறிஞர் வினோகிராட்ஸ்கி அந்நுண்ணுயிரிகளைத் தனியே பிரித்தெடுத்தார்.

புதிய தொட்டியில் இந்த பாக்டீரியாக்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை தீவனத்தைக் குறைத்து இட்டு, நீரை அடிக்கடி ஆராய்ந்துவர வேண்டும். தில்லியின் குழாய்நீரில் குளோரின் கலந்திருக்கும். அதை அப்படியே ஊற்றினால் மீனுக்கும் பாக்டீரியாவுக்கும் ஊறு நேரும். ஓரிரு நாள் திறந்த பாத்திரத்தில் வைத்து, குளோரின் நீங்கிய பின்னரே ஊற்றுதல் வேண்டும். அம்மாணவி இவை யாவற்றையும் பொறுமையுடன் செய்தாள். கீரையும் முளைத்துத் தளிர்த்தது.

ஐந்தாம் வாரத்தில் இலைகள் வெளுத்தன.

அடுத்த வீட்டார் ஒருவர் அதைப் பார்த்து, தழைச்சத்துக் குறைவுதான் காரணம் என்றும், ஒரு பிடி யூரியாவைத் தொட்டியில் போட்டால் சரியாகிவிடும் என்றும் கூறினார். மண்ணில் வளரும் செடிக்கு அது தவறான அறிவுரை அன்று. அவள் உரத்தைக் கையில் அள்ளிக்கொண்டு தொட்டியருகே சென்றபோது, கும்பகோணத்திலிருந்து வந்திருந்த பாட்டி தடுத்தார்.

“மீன் இருக்கும் தண்ணீரில் உரத்தைக் கொட்டாதே, கண்ணு. முதலில் எந்த இலை வெளுத்திருக்கிறது என்று பார். கிழட்டு இலையா, குருத்தா?”

“குருத்துதான், பாட்டி. கீழ் இலைகள் பச்சையாகவே இருக்கின்றன.”

“அப்படியானால் இது வேறு குறை.”

பாட்டி கேட்ட அந்த வினாவில் பயிர் அறிவியலின் பெரும்பகுதி அடங்கியுள்ளது. செடிக்குள் சில சத்துகள் இடம்பெயரக் கூடியவை, சில இடம்பெயராதவை. தழைச்சத்து இடம்பெயரும். அது போதாதபோது செடி தன் முதிய இலைகளிலிருந்து அதனை எடுத்துக் குருத்துக்கு அனுப்பும். ஆதலால் கீழ் இலைகளே முதலில் மஞ்சளாகும். சாம்பல்சத்தும் அவ்வாறே இடம்பெயரும். அது குறைந்தால் முதிய இலைகளின் ஓரம் தீய்ந்ததுபோல் காயும். மக்னீசியம் குறைந்தால் முதிய இலைகளில் நரம்புகள் பச்சையாக நிற்க, இடைப்பகுதி வெளுக்கும். இரும்போ ஓர் இலைக்குள் சென்றுவிட்டால் எளிதில் வெளியே வாராது. நீரிலிருந்து புதிய இரும்பு கிடைக்காவிட்டால் குருத்துதான் முதலில் வாடும். நரம்புகள் பச்சைக் கோடுகளாகத் தெரிய, தளிரிலை முழுதும் வெளிறிப்போகும்.

யூரியாவைப் போட்டிருந்தால் நிகழ்ந்திருப்பது என்ன? அது நீரில் சிதைந்து அம்மோனியாவாகும். பாக்டீரியாக்கள் நாள்தோறும் பெறும் அளவைப்போலப் பன்மடங்கு அம்மோனியா ஒரே நேரத்தில் சேரும். அதை அவற்றால் மாற்றி முடிக்க இயலாது. கீரை பசுமை பெறும் முன்பே மீன்கள் மிதந்திருக்கும். டி.ஏ.பி. முதலிய உரங்களுக்கும் இது பொருந்தும். மீன்நீர் வேளாண்மையில் செடிக்கு எதை இட்டாலும் அது மீனின் வாயிலும் செவுளிலும் படும் என்பதை மறவாதிருத்தல் வேண்டும். பூச்சிமருந்தும் இங்கே ஆகாது.

அன்று மாலை நீரை ஆராய்ந்தபோது நைட்ரேட்டு போதிய அளவில் இருந்தது. தழைச்சத்துக்குக் குறைவில்லை என்பது உறுதியாயிற்று. நீரின் அமிலகார அளவு, அதாவது பி.எச். மதிப்பு 7.8 என்று காட்டியது. குறையின் வேர் அங்கேதான் இருந்தது.

பி.எச். மதிப்பு 7 என்றால் நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். நீரில் வளரும் காய்கறிச் செடிகள் 5.5 முதல் 6.5 வரையுள்ள இலேசான அமில நிலையை விரும்புவன. மீன்களுக்கு 6.5 முதல் 8.5 வரை ஏற்றது. அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாக்களோ ஏழுக்கு மேல் சுறுசுறுப்பாக உழைக்கும். ஆறுக்கு அருகில் சோர்ந்துவிடும். மூவரும் ஒரே நீரில் குடியிருப்பதால் ஒருவர் விருப்பம் மட்டும் நடவாது. 6.8 முதல் 7 வரை வைத்துக்கொள்ளுதல் பொதுவான உடன்பாடு. ஏழைத் தாண்டினால் நீரில் கரைந்துள்ள இரும்பு ஆக்சிசனுடன் சேர்ந்து துருவாகி அடியில் படியும். இரும்பு தொட்டியில் இருக்கும். ஆயினும் வேருக்குக் கிட்டாது. துருப்பிடித்த ஆணிகளைத் தொட்டியில் போட்டு வைப்போர் உண்டு. மேற்கூறிய காரணத்தால் அதனால் பெரும்பயன் விளைவதில்லை.

பி.எச். ஏன் ஏறியது? கடின நீரில் சுண்ணாம்புச் சேர்மங்கள் மிகுதி. அத்துடன் பாத்தியிலிருந்த கற்களில் சில சுண்ணாம்புக் கற்கள். கல்லின் மேல் சிறிது வினிகரை விட்டால் இதனை அறியலாம். சுண்ணாம்புக் கல்லாயின் நுரைக்கும். அம்மாணவி ஒவ்வொரு கல்லாக ஆராயத் தொடங்கி, பொழுது சாய்ந்ததும் வாளி வாளியாக ஆராய்ந்தாள். நுரைத்த கற்களைப் பொறுக்கி அகற்றினாள். பாக்டீரியாக்கள் அம்மோனியாவை மாற்றும்போது அமிலம் உண்டாகும். எனவே கற்கள் நீங்கியபின் பி.எச். தானாகவே மெல்லக் குறையலாயிற்று.

இலை வெளுப்பதற்கும் இரும்புக்கும் உள்ள தொடர்பு கண்டறியப்பட்ட வரலாறு சுவையானது. 1840களில் பிரான்சு நாட்டில் யூசேப் கிரி என்பவர் வெளுத்த இலைகளின் மேல் இரும்பு உப்புக் கரைசலைத் தடவினார். தடவிய இடம் பசுமை பெற்றது. இரும்பு பச்சையத்தின் உறுப்பு அன்று. பச்சையத்தின் நடுவே இருப்பது மக்னீசியம். ஆயினும் பச்சையத்தை உருவாக்கும் வேலைக்கு இரும்பு இன்றியமையாதது. சமையலறைத் தோசைக்கல் தோசையில் இராது. அஃதின்றித் தோசையும் இராது.

கரைந்த இரும்பு துருவாகாமல் காக்க வேதியியல் ஒரு வழி கண்டது. இரும்பைச் சுற்றி ஒரு கரிமச் சேர்மத்தைப் பிணைத்துவிட்டால் அது நீரிலேயே கரைந்து நிற்கும். இவ்வகைச் சேர்மத்துக்குக் ‘கீலேட்’ என்று பெயர். நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பெயர் பிறந்தது. தமிழில் கொடுக்கிணைப்புச் சேர்மம் என்பர். நண்டு இரையைப் பற்றுவதுபோல அது இரும்பைப் பற்றிக்கொள்ளும். இவற்றுள்ளும் வேறுபாடு உண்டு. ஈ.டி.டி.ஏ. என்னும் கொடுக்கு நடுநிலையை நெருங்கும்போதே பிடி தளரும். டி.டி.பி.ஏ. ஏழைச் சற்றுத் தாண்டியும் தாங்கும். இ.டி.டி.எச்.ஏ. கார நீரிலும் விடாது; ஆனால் நீரைச் செந்நிறமாக்கும். அந்நிறம் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

எவ்வளவு இட வேண்டும்? இதற்கு விடை கரீபியக் கடலிலுள்ள செயின்ட் குரோய் என்னும் சிறு தீவிலிருந்து கிடைக்கிறது. அங்குள்ள வெர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரக்கோசி என்னும் அறிஞர் 1980 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மீன்நீர் வேளாண்மையை ஆராய்ந்தார். நன்னீர் அரிதான தீவு அது. ஒரே நீரை மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் தேவை அங்கு இருந்தது. தலா 7,800 லிட்டர் கொள்ளும் நான்கு தொட்டிகளில் திலேப்பியா மீன். 214 சதுர மீட்டர் பரப்பில் மிதவைப் பாத்திகள். துளசி இனச் செடி, இலைக்கோசு, வெண்டை எனப் பலவும் அங்கே விளைந்தன. பயிருக்கு வேண்டும் சத்துகளுள் பெரும்பாலானவற்றை மீன் தீவனமே தந்துவிடுகிறது என்றும், போதாமல் போவன மூன்றே என்றும் அவர் கண்டார். அவை இரும்பு, சாம்பல்சத்து, சுண்ணாம்புச்சத்து. மூன்று வாரங்களுக்கு ஒருமுறை ஒரு லிட்டர் நீருக்கு 2 மில்லிகிராம் இரும்பு கிடைக்குமாறு கொடுக்கிணைப்புச் சேர்மம் இட்டார்.

தீவனத்தில் இம்மூன்றும் குறைவாக இருப்பதற்குக் காரணம் எளிது. தீவனம் மீனுக்காகச் செய்யப்பட்டது; கீரைக்காக அன்று. மீனுக்குச் சாம்பல்சத்து சிறிதே போதும். செடிக்கோ தழைச்சத்துக்கு இணையான அளவில் அது வேண்டும். ரக்கோசி இதற்கு ஓர் அழகிய தீர்வு கண்டார். பாக்டீரியாக்களின் உழைப்பால் நீரில் அமிலம் பெருகும்போது அதனைச் சமன்செய்யக் காரம் இட வேண்டும் அல்லவா? அக்காரத்தையே சத்தாகத் தந்தார். ஒருமுறை கால்சியம் ஹைட்ராக்சைடு, மறுமுறை பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என மாற்றி மாற்றி இட்டார். அமிலமும் தணிந்தது; சுண்ணாம்பும் சாம்பலும் செடிக்குக் கிடைத்தன. இக்காரங்கள் தோலையும் கண்ணையும் எரிக்கும். ஆதலின் மாணவர் தாமே கையாளலாகாது. சமையல் சோடாவை இடுவோரும் உளர். அதிலுள்ள சோடியம் செடிக்குத் தேவையற்றது. மீண்டும் மீண்டும் சுழலும் நீரில் அது தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். தில்லியின் சில பகுதிகளில் நிலத்தடி நீரே உப்பாக இருப்பதால், அங்கே இக்கவனம் இருமடங்கு வேண்டும்.

செடி வளர இன்றியமையாத தனிமங்கள் 17. கரி, நீரகம், உயிரகம் ஆகிய மூன்றும் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் கிடைக்கும். மற்றப் பதினான்கும் வேர்வழியே செல்ல வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் மற்றவற்றின் மிகுதி அதை ஈடுசெய்யாது. உயரம் ஒவ்வாத பலகைகளால் ஆன பீப்பாயில் மிகக் குட்டையான பலகையின் உயரத்துக்கே நீர் நிற்கும் என்று இதனை விளக்குவர். செருமனி நாட்டு அறிஞர் லீபிக் 1840க்குப் பின் இக்கருத்தைப் பரப்பினார். அவருக்கு முன்னரே ஸ்ப்ரெங்கல் 1828இல் இதனைக் கூறியிருந்தார். மோதி பாக்கின் பாத்தியில் இரும்பே குட்டைப் பலகை.

எல்லாக் காய்கறிக்கும் ஒரே அளவு போதாது. ஒரு சதுர மீட்டர் பாத்திக்கு நாளொன்றுக்கு இலைக்கீரையாயின் 40 முதல் 50 கிராம் தீவனமும், தக்காளி போன்ற காய்ப்பயிராயின் 50 முதல் 80 கிராம் தீவனமும் மீனுக்கு இடலாம் என்று ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு 2014இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. பூத்துக் காய்க்கும் செடிக்குச் சாம்பல்சத்தும் மணிச்சத்தும் கூடுதலாக வேண்டும். தக்காளியின் அடிப்பகுதி கறுத்து அழுகினால் சுண்ணாம்புச்சத்து காய்க்கு எட்டவில்லை என்பது பொருள். அச்சத்து நீரோட்டத்துடன் மட்டுமே செல்லும். இலைகள் நீரை ஈர்க்கும் வலிமை காய்க்கு இல்லை. முதன்முறையாக இதில் இறங்குவோர் பாலக், வெந்தயக்கீரை, புதினா ஆகியவற்றோடு தொடங்குதல் நன்று. தள்ளுவண்டிக்காரர் ‘மேத்தி’ என்று கூவி விற்பது இவ்வெந்தயக்கீரையையே.

அம்மாணவி கணக்கிட்டு இரும்புச் சேர்மத்தை ஒரு குவளை நீரில் கரைத்து, மாலையில் பாத்தியில் ஊற்றினாள். வெளுத்த இலைகள் முழுதும் தேறவில்லை. ஒரு வாரத்துக்குப் பின் வந்த தளிர்கள் பச்சையாக வந்தன. மீன்கள் அனைத்தும் நலமாக இருந்தன.

சனவரியில் தில்லியின் இரவு வெப்பம் 5 பாகை செல்சியசு அளவுக்கு இறங்கும். திலேப்பியாவாக இருந்திருந்தால் நீர் 10 பாகையை நெருங்கியதும் மடியத் தொடங்கியிருக்கும். சாதாக்கெண்டை குளிரைத் தாங்கும். ஆனால் உண்பதைக் குறைத்துவிடும். பாக்டீரியாக்களும் சோம்பும். உண்ணாத தீவனம் அழுகினால் மீண்டும் அம்மோனியா பெருகும். ஆகவே குளிர்நாளில் தீவனத்தைக் குறைத்தாள். கீரையும் மெல்லவே வளர்ந்தது. மார்ச்சில் வெயில் ஏறியதும் இரண்டும் விரைந்தன.

கோடை விடுமுறைக்கு முன் தந்தைக்குச் சென்னைக்குப் பணிமாற்றம் வந்தது. மீன்களையும் தொட்டியையும் தோழிக்குக் கொடுத்தாள். கூழாங்கற்களில் ஒரு சிறுபையளவு மட்டும் எடுத்து, ஈரம் உலராதவாறு துணியில் சுற்றி வைத்தாள். அதில் என்ன இருக்கிறது என்று தம்பி கேட்டான்.

“உறைமோர்” என்றாள் அவள்.

பாலில் சிறிது மோரை விட்டால் தயிர் விரைந்து உறைவதுபோல, புதிய பாத்தியில் இக்கற்களைப் போட்டால் ஆறு வாரக் காத்திருப்பு குறையும்.

சொற்பொருள்

வண்டல் – நீர் அடித்து வந்து படிந்த நுண்மண்
குருத்து – இளந்தளிர்
தழைச்சத்து – நைட்ரசன்
மணிச்சத்து – பாசுபரசு
சாம்பல்சத்து – பொட்டாசியம்
பச்சையம் – இலைக்குப் பசுமை தரும் பொருள்
செவுள் – மீன் மூச்சுவிடும் உறுப்பு
உறைமோர் – பாலை உறையச் செய்ய ஊற்றும் மோர்

பயிற்சி

அ. விடை எழுதுக.
1. குருத்து வெளுத்ததா, முதிய இலை வெளுத்ததா என்று பாட்டி கேட்டது ஏன்?
2. தொட்டியில் இரும்பு இருந்தும் கீரைக்குக் கிட்டாமல் போனது எவ்வாறு?
3. ரக்கோசி காரத்தையே சத்தாகப் பயன்படுத்திய முறையை விளக்குக.

ஆ. கணக்கிடுக.
தொட்டியிலும் பாத்தியிலும் சேர்த்து 300 லிட்டர் நீர் உள்ளது. லிட்டருக்கு 2 மில்லிகிராம் இரும்பு வேண்டும். வாங்கிய சேர்மத்தில் 6 விழுக்காடு இரும்பு உள்ளது எனில் எத்தனை கிராம் சேர்மம் இட வேண்டும்?

இ. பிரித்து எழுதுக.
கூழாங்கல், அஃதின்றி, நன்னீர், நெல்வயல்

ஈ. உங்கள் வீட்டுப் பெரியோரிடம் கேட்டு எழுதுக.
உங்கள் ஊரில் ஏரி அல்லது குளத்து வண்டலை எந்த மாதத்தில் எடுப்பார்கள்? எந்தப் பயிருக்கு இடுவார்கள்? பத்து வரிகளில் எழுதுக.